கழனியில் தொங்கிய சிடிகள்

நூற்று எழுபத்தாறு சிடிகளையும் ஒரே மத்தியானத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்துவிட்டேன். ஒரு சிடிக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் வாழ்க்கையில் எந்த வேலையும் அவ்வளவு சுலபமாக முடிந்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதுகு வலிக்காமல் ஒரு வேலை முடிந்ததே என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

பாகூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ரேடியோ செட் வைத்திருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், தீமிதி, சாவு என்று எதற்குக் கூப்பிட்டாலும் ஆம்ப்ளிஃபயரையும் ஹாரனையும் ஏற்றிக்கொண்டு போவேன். ஐந்தாவதுவரை படித்தேன். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் ஆம்ப்ளிஃபயரின் முகத்தில் இருந்த எழுத்துகள்தான். வால்யூம், பாஸ், ட்ரெபிள், எக்கோ. இந்த நான்கு சொற்களை வைத்துக்கொண்டு மற்றதையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். பேச்சுதான் வராது. மைக் செட்காரன் என்று பேர், ஆனால் மைக்கில் 'ஹலோ' என்று ஒருநாளும் சொன்னதில்லை. விரலால் தட்டிப் பார்ப்பேன். தட்டினது கேட்டால் போதும்.

மற்ற செட்டுக்காரர்கள் எல்லோரும் பென்டிரைவ், செல்போன் என்று மாறி வெகுநாள் ஆகிறது. நான்தான் விடாமல் சிடி போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. நல்ல சிடியில் நாதஸ்வரம் போட்டால் ஹாரனில்கூட ஊதுகிறவரின் மூச்சு தெரியும். செல்போனில் இறக்கின பாட்டைப் போட்டால் தகர டப்பாவில் மணலைப் போட்டுக் குலுக்கினது மாதிரி இருக்கும். ஆனால் போன ஐப்பசி மழையில் சிடி பிளேயர் நின்றுவிட்டது. உள்ளே இருக்கிற கண்ணாடி போய்விட்டது, அது இப்போது எங்கும் கிடைப்பதில்லை என்றார்கள். வேறு வழியில்லாமல்தான் கம்ப்யூட்டருக்கு வந்தேன்.

அந்த நூற்று எழுபத்தாறில் எனக்கு உண்மையில் வேண்டியது ஒன்றுதான். நாற்பத்தோராம் நம்பர்.

அது கடையில் வாங்கினதில்லை. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் தீமிதிக்கு முன்னால் பத்து நாள் பெண்கள் உட்கார்ந்து அம்மன் பாட்டுப் பாடுவார்கள். ஒரு வருடம் கோயில்காரர்கள் அதைப் பதிவு செய்து சிடியாகப் போடலாம் என்று டவுனிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்தார்கள். கோயில் கொட்டகையில் ஒரு பகல் முழுக்கப் பதிவு நடந்தது. ஒயர், மைக், ஸ்டாண்டு எல்லாம் என்னுடையது. பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு பாட்டு. கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத காலம். அதனால் தப்பாகப் பாடினாலும் திருப்பிப் பாடக் கூடாது, ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்று அந்த ஆள் சொல்லிவிட்டார். ஒன்பதாவதாகப் பாடின பெண்ணைத்தான் அடுத்த வருடம் நான் கல்யாணம் செய்துகொண்டேன்.

அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் செய்துகொண்டேன் என்பது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அம்மா மூன்று பெண்களின் பெயரைச் சொன்னபோது இரண்டாவது பெயருக்குத் தலையாட்டினேன், அவ்வளவுதான். அவளிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஒரு சமயம் வரும் என்று இருந்தேன். வந்த சமயமெல்லாம் அரிசி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வேறு பேச்சுக்கே சரியாகப் போனது. இருபத்துநான்கு வருடம் இப்படியே போய்விட்டது.

போன வருடம் அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. குரல் மாறினாலும் மாறும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. பேச்சும் வருகிறது, ஆனால் பாதி காற்றாக வருகிறது. பாட்டு வரவில்லை. அதைப் பற்றிக் கேட்டால், "இனிமே பாடி யாருக்கு இன்னா ஆவப்போவுது" என்பாள். அதற்குமேல் கேட்க எனக்கும் தெரியாது.

ஆக அவள் குரல் என்று மிச்சம் இருந்தது அந்த சிடியில்தான். அவளுக்கோ அந்த சிடியே பிடிக்காது. வீட்டில் போட்டால், "மூக்கால பாடிகீறன், நிறுத்துய்யா" என்று வந்து பிளேயரை அணைத்துவிடுவாள். அதனால் கல்யாணத்துக்குப் பிறகு அதை நான் கேட்டது இரண்டு மூன்று தடவை இருந்தால் அதிகம். அதுவும் வேறு ஊர்க் கோயிலில், வேட்டுச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில்.

மகள் திருக்கனூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். காலேஜ் படித்தபோது வாங்கின கம்ப்யூட்டரை எங்கள் வீட்டிலேயே விட்டுப் போனாள். போனில் அவளைக் கேட்டேன்.

"ரொம்ப சுலபம்பா. சிடிய உள்ள போடு. தொற. உள்ள இருக்கறத எல்லாம் காப்பி பண்ணு. வேற ஃபோல்டர்ல பேஸ்ட் பண்ணு. முடிஞ்சிது."

"பாட்டோட தரம் கொறையாதே?"

"அப்டியே வரும்பா. காப்பிதான? ஏய், துப்பாத, முழுங்கு! உன்ன இல்லப்பா, இவன சொன்னேன்."

பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்காமலும் நான் இருந்துவிடவில்லை. ஒவ்வொரு சிடியையும் ஏற்றினதும் கம்ப்யூட்டரில் ஏறின பாட்டைத் தட்டிப் பார்த்தேன். பாடியது. சிடி உள்ளே இருக்கும்போதே பார்த்தேன். அதை வெளியே எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அது மார்கழி. என் மச்சினனின், அதாவது மனைவியின் தம்பியின், கழனியில் நெல் பால் பிடித்திருந்த நேரம். வீட்டுக்கு வந்தவன் மூலையில் சிடிகள் இருந்த இரண்டு சாக்கு மூட்டைகளைப் பார்த்தான்.

"மாமா, அதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டியே. இந்தத் தட்டுங்கள இன்னா பண்ணப்போற?"

"இருக்கட்டும்."

"இருந்து? கிளி ஒரு பக்கம் உருவுது, குருவி ஒரு பக்கம் உருவுது. மயிலு நாட்டாம மாரி வரப்பு மேல நடந்து வந்து பாத்துட்டுப் போவுது. இத கட்டுனா பளபளன்னு ஒண்ணும் கிட்ட வராது."

மனைவி உள்ளேயிருந்து, "குடுத்து அனுப்பு. பெருக்கும்போதெல்லாம் கால்ல இடிக்குது" என்றாள்.

எங்கள் பக்கம் இது வழக்கம்தான். நடுவில் ஓட்டை இருப்பதால் கயிறு கோக்க வசதி. காற்றில் சுற்றும்போது வெயில் பட்டு மின்னும், பறவைகள் மிரளும். அதற்கு முந்தி என் காசெட்டுகள் எல்லாம் இதே கழனிக்குத்தான் போயின. நாடாவை உருவி இழுத்துக் கட்டினால் காற்றில் முனகிக்கொண்டே இருக்கும். நான் சேர்த்தது எல்லாம் கடைசியில் மச்சினன் கழனிக்குத்தான் என்று எழுதியிருக்கிறதுபோல.

நாற்பத்தொன்றை மட்டும் எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்று மூட்டைக்குள் கைவிட்டேன். மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதை மட்டும் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? கையை வெளியே எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துக் கிருமாம்பாக்கத்தில் ஒரு காதுகுத்து. எல்லாப் பாட்டையும் பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். செருகினால் விளக்கு எரிகிறது, பாட்டு வரவில்லை. கழற்றி மாட்டினேன். ஊதி மாட்டினேன். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துவிட்டார்கள்.

"இன்னா செட்டுக்காரரே, நாங்க கொழந்தைக்குத்தான காது குத்துறோம், உன் செட்டுக்கு இன்னா ஆச்சி?" என்றார் தாய்மாமன்.

குழந்தை வீறிட்டது.

"இதுவே சத்தமாத்தான் கீது. மைக்க இதுகிட்ட வெச்சிட்டு நீ போய் சாப்புடு" என்றார். பந்தலே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு செல்போனை ஒயரில் மாட்டி, டப்பாவில் மணல் குலுக்குகிற அந்தச் சத்தத்தையே சாயந்திரம் வரைக்கும் ஓட்டினேன்.

மறுநாள் பென்டிரைவை எடுத்துக்கொண்டு தவளக்குப்பம் போனேன். ரோட்டோரமாக ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருக்கிறது. கடைக்காரருக்கு என் வயசு இருக்கும். செருகிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, இதுல பாட்டே இல்ல."

"பாடிச்சே. நான் தட்டிப் பாத்தன்."

"சிடி உள்ள இருந்திருக்கும். இது பாட்டு இல்லண்ணே, பாட்டு எங்க கீதுன்னு சொல்ற அடையாளம். நீ வூட்டு நெம்பர மட்டும் எழுதி எடுத்துகினு வந்துகீற. வூட்ட எடுத்துகினு வரல. சிடிய எடுத்துகினு வா, நான் சொல்லித் தரேன்."

"அது கழனில கீது."

"எங்க?"

"கழனில. குருவிக்குக் கட்டியாச்சி."

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டீ வரவழைத்துப் பொறுமையாகச் சொன்னார். கடையில் வாங்கின சிடிக்கு வெயிலால் அவசரமாக ஒன்றும் ஆகாது, அது அச்சில் அடித்தது. யாராவது பதிவு செய்து கொடுத்த சிடி என்றால்தான் பயம். அதில் பாட்டு ஒரு சாயத்தில் இருக்கிறது, வெயிலில் அது வெளுத்துவிடும். "அடிப்பக்கம் பச்சையா, நீலமா இருக்கும் பாரு, அதான்" என்றார்.

நாற்பத்தொன்றின் அடிப்பக்கம் பச்சை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

கழனியில் நாலு பக்கமும் நைலான் கயிறு கட்டி, முழத்துக்கு ஒன்றாகச் சிடிகள் தொங்கின. வெயிலில் கண் கூசியது. குருவிகள் அந்தக் கயிற்றின் மேலேயே வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"இன்னா மாமா, குடுத்தத திருப்பிக் கேக்கறியா?" என்றான் மச்சினன்.

"காப்பி எடுத்துட்டுத் தந்துடறன்."

"முன்னாடியே எடுத்தியே?"

"அது சரியா வரல."

"எடுத்துகினு போ. குருவிங்களும் பாட்டெல்லாம் கேட்டு முடிச்சிடிச்சி. பாரு, பயப்படாம எப்டி ஒக்காந்துகினு கீதுன்னு."

கிண்டல் செய்தானே தவிர கூடவே வந்து அவிழ்த்துத் தந்தான். வரப்பு வழுக்கியது. முடிச்செல்லாம் பனியில் நனைந்து இறுகியிருந்தது. நூற்று அறுபத்தெட்டு கிடைத்தது. மீதி அறுந்து சேற்றில் போயிருக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திருப்பி நம்பர் பார்த்தேன். நாற்பத்தொன்று இல்லை. சேற்றில் இறங்கிக் காலால் துழாவினேன்.

"எதத் தேடுற?"

"ஒண்ணு. அடியில பச்சையா இருக்கும்."

"அதுவா? அது மத்ததவிட நல்லா மின்னிச்சி. பொம்மைக்கு வெச்சிட்டன்."

கழனி நடுவில் வைக்கோல் பொம்மை நின்றது. பழைய சட்டை, தலைக்குச் சட்டி. அந்தச் சட்டியின் மேல் முகம் மாதிரி சிடியைக் கம்பியால் கட்டியிருந்தான். பச்சைப் பக்கம் வெளியே, கிழக்கைப் பார்த்து. மூன்று வாரத்துக் காலை வெயில் அதன்மேல் பட்டிருக்கிறது. தன் அக்கா பாட்டைத்தான் பொம்மைக்கு முகமாக வைத்திருக்கிறான் என்று அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அவிழ்த்துத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் பச்சை இருந்தது. ஓரம் முழுக்க வெளுத்து, கழுவின அரிசித் தண்ணீர் மாதிரி ஆகியிருந்தது.

வேறு யாரிடமாவது அந்த சிடி இருக்குமா என்று ஊரில் கேட்டேன். அந்த வருடம் நூறு பேருக்காவது கோயிலில் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் வண்டிக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்களாம், வண்டியையே விற்றுவிட்டார்கள். ஒரு வீட்டில் தண்ணீர்க் குடத்துக்கு மூடியாக இருந்தது. எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் கோடு. வேறு எங்கும் இல்லை.

சிடிகள் மேல் பூச்சிமருந்து தெளித்த வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. கழுவ வேண்டியிருந்தது. மனைவி தோட்டத்துப் பக்கம் அலுமினிய அன்னக்கூடையில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒரே வேலைய எத்தினி தபா செய்வ நீ? வேற வேலை இல்லியா?"

"சோப்பு பவுடர் போடாத. கோடு வுழும்."

"பின்ன?"

"தலைக்குப் போடற ஷாம்பு போடு."

"எனுக்கே மாசத்துக்கு ரெண்டு பாக்கெட்டுதான். இதுங்களுக்கு எண்ணெ தேச்சி வுடட்டுமா?"

சொல்லிக்கொண்டே எழுந்து போய் எடுத்துவந்தாள். வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதையும் சொன்னேன். முறைத்தாள், ஆனால் அப்படியே செய்தாள். நாற்பத்தொன்றை மட்டும் நானே கழுவினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. கடைக்காரர் வீட்டுக்கே வந்து ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்தார். எம்பி3 வேண்டாம் என்று அவரே சொன்னார். எம்பி3 என்றால் பந்தல் துணி பெட்டிக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தைக் கத்தரித்து வைப்பது மாதிரி. ஃபிளாக் என்று ஒன்று இருக்கிறது. அது துணியை மடித்து வைப்பது மாதிரி. பிரித்தால் ஒரு நூல்கூடக் குறையாது. சிடியிலிருந்து எடுக்கும்போதும் அந்தப் புரோகிராம் ஒவ்வோர் இடத்தையும் இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ஓகே என்று போடும். இல்லையென்றால் திரும்பத் திரும்ப அதே இடத்தைப் படிக்கும்.

நல்ல சிடிக்கே இருபது நிமிடம் ஆகும். கோடு விழுந்தது என்றால் அரை நாள். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. ஒரு சிடியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். டிரைவ் ஆட்டுக்கல் மாதிரி உறுமும், நிற்கும், மறுபடி உறுமும். முடிந்ததும் பேர் கொடுக்க வேண்டும். எனக்கு நம்பர்தான் அடிக்கத் தெரியும், ஒரு விரலால். எந்த நம்பரில் என்ன பாட்டு என்று நோட்டில் தமிழில் எழுதிவைத்தேன். செட்டுக்குக் கூப்பிட்டால் போய்விட்டு வந்து திரும்ப உட்காருவேன். ஒரு நாளைக்கு நாலு முடிந்தால் அதிகம். கண் எரியும். இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஹாரன் பக்கத்திலேயே நின்று நின்று என் இடது காதில் சன்னமான சத்தம் எதுவும் விழாது. தரம் குறையக் கூடாது என்று இவ்வளவு பாடுபடுகிறவனுக்குக் குறைந்தால் தெரியுமா என்பதே சந்தேகம். அதை நினைத்தால் இன்னும் அலுப்பாக இருக்கும்.

நாற்பத்தொன்றைப் போடப் பயந்து பத்து நாள் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு காலையில் போட்டேன். சிடியில் பாட்டு நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வெளுத்தது ஓரம். அதனால் ஆறு பாட்டு ஒழுங்காக வந்தது. ஏழும் எட்டும் தயங்கித் தயங்கி வந்தன. ஒன்பதாவதில் போய் நின்றுவிட்டது. படிக்கும், திரும்பும், படிக்கும். மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. மத்தியானம் வெயில் சாய்கிற நேரத்தில் திரையில் அந்தப் பாட்டுக்கு எதிரில் ஓகே என்று விழுந்தது. பத்தாவது கரகரப்போடு வந்தது. பதினொன்றும் பன்னிரண்டும் வரவேயில்லை.

மனைவி ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து ஒன்பதாவதைப் போட்டேன். குரல் வந்தது. ஆபரேஷனுக்கு முந்தின குரல். நான் உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தேன். மூன்றாவது அடியில் பாட்டு சட்டென்று நின்றது. இரண்டு விநாடி ஒன்றுமில்லை. பிறகு அடுத்த வரியிலிருந்து வந்தது.

அன்றைக்குக் கொட்டகையில் கேட்டது என் மனசில் முழுசாக இருக்கிறது. அதில் நிறுத்தம் எதுவும் கிடையாது. வெயில் தின்றுவிட்டது என்று நினைத்தேன். சரியாக அந்த வரியைப் பார்த்துத் தின்றிருக்கிறது. சிடியைத் துடைத்து மறுபடி போட்டேன். ஓகே என்றது. அதே நிறுத்தம். மூன்றாம் தடவையும் அதே. தவளக்குப்பத்துக்குக் கொண்டுபோய் வேறு இரண்டு டிரைவில் போட்டோம். எதிலும் மாற்றமில்லை.

"அண்ணே, எல்லாம் ஒரே மாரிதான் படிக்குது. இதுக்கு மேல ஒண்ணும் வராது" என்றார் கடைக்காரர். "வேணும்னா அந்த ரெண்டு செகண்ட வெட்டிட்டு ரெண்டு பக்கத்தையும் ஒட்டிடறன். யாருக்கும் தெரியாது."

"எனுக்குத் தெரியும்ல" என்றேன். வெட்டவும் மனசில்லை, அப்படியே விடவும் மனசில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் பத்து மணி இருக்கும். மனைவி கோயில் பக்கம் போயிருந்தாள். எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை, அந்தப் பாட்டை ஓடவிட்டு, வலது காதை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். அவள் வந்து பின்னால் நின்றதே எனக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்து, பாட்டை அணைக்கக் கை நீட்டினேன்.

"வுடு" என்றாள்.

இரண்டு பேரும் கேட்டோம். மூன்றாவது அடி வந்தது. நின்றது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வெயில்ல போயிட்டிச்சி" என்றேன். "என் தப்புதான். குடுத்து அனுப்பியிருக்கக் கூடாது."

"எது போயிடிச்சி?"

"இப்ப நின்னிச்சே, அது. ஒரு வரி."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பாதி காற்றுதான். சிரித்து, இருமி, கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"யோவ், அது வெயில்ல போவல. அங்க நான் பாடவே இல்ல."

"பாடின. நான் கேட்டன்."

"நீ இன்னா கேட்ட? எதுர்ல ஒயர கையில புடிச்சிகினு, வாயப் பொளந்துகினு நின்ன. ஒரு ஈ வந்து உன் ஒதட்டுல ஒக்காருது, அதுகூடத் தெரியாம நிக்கற. எனுக்கு சிரிப்பு வந்துடிச்சி. அம்மன் பாட்டுல சிரிக்கலாமா? மூச்ச இழுத்து அடக்கினன். அதுக்குள்ள வரி போயிடிச்சி. பக்கத்துல இருந்தவ தொடையில ஒரு கிள்ளு கிள்ளினா, அப்பாலதான் அடுத்தத புடிச்சன். திருப்பிப் பாடவும் வுடல அந்த ஆளு."

நான் உதட்டைத் துடைத்துக்கொண்டேன்.

"அதனாலதான இத போடாதன்னு கத்திகினு இருந்தன். எங்க போட்டாலும் இந்த எடம் வந்தா கூடப் பாடினவளுங்க என்னப் பாத்து சிரிப்பாளுங்க."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். உங்க அம்மா சும்மாவா ரெண்டாவதா என் பேர சொன்னாங்க?"

எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். உலையில் அரிசி போட வேண்டும் என்றாள். நான் பாட்டை முதலிலிருந்து போட்டேன். அந்த இடம் வந்தபோது சத்தத்தை முழுசாக ஏற்றி, வலது காதை ஒட்டவைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லாமல் இல்லை. மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் சன்னமாக இருந்தது. இத்தனை நாள் அதை ஓட்டை என்று நினைத்து அடைக்கப் பார்த்திருக்கிறேன்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "வெட்ட வேணாம். அப்டியே இருக்கட்டும்" என்றேன். "சரிண்ணே" என்றார். காரணம் கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

பதினொன்றும் பன்னிரண்டும் போனது போனதுதான். பன்னிரண்டாவது பாடினவர் கடலூர்ப் பக்கம் மகன் வீட்டோடு போய்விட்டார். பதினொன்றாவது பாடினவர் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். எதிரில் பார்க்கும்போதெல்லாம், "இன்னாப்பா, நல்லா கீறியா" என்று கேட்கிறார். அவர் பாட்டு வெளுத்துப்போனதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

இன்னும் ஐம்பத்தெட்டு சிடி பாக்கி இருக்கிறது. ஏற்றி முடித்ததை மனைவி தனிச் சாக்கில் கட்டிவைக்கிறாள், அடுத்த போகத்துக்கு அவள் தம்பிக்குத் தர. நேற்று அப்படிக் கட்டும்போது நாற்பத்தொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இது ஏத்தியாச்சி இல்ல?"

"ஏத்தியாச்சி."

"அப்ப சாக்குல போடட்டுமா? இத மட்டும் இன்னாத்துக்குத் தனியா வெச்சிருக்க?"

டிரைவ் உறுமிக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும் என்று பார்த்தேன். நிற்கவில்லை.

"நீ பாடினது" என்றேன்.

அவள் அதைத் திருப்பி, வெளுத்த ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து, ஆஸ்பத்திரிச் சீட்டுகள் வைத்திருக்கிற கவருக்குள் அதையும் செருகினாள். "அடுத்தத போடு, கரண்ட் போவறதுக்குள்ள" என்றாள். டிரைவ் நின்றதும் நான் நூற்றுப் பதினொன்றை எடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒருமுறை துடைத்துப் போட்டேன்.